பத்துக்குப் பத்து பள்ளியா? அமெரிக்கப் புறநகரில் ஹைஸ்கூல் தேடும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை எந்த ஊரில் என்று முடிவானதுமே, அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கும் நண்பர்கள் சொல்லும் முதல் அறிவுரை ஒன்றுதான்: "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டாப் பார்த்து வீடு எடு." (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு வட்டாரத்து அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு.) அடுத்த மூச்சிலேயே பெயர்கள் வரும். நியூ ஜெர்சி என்றால் எடிசனின் ஜே.பி. ஸ்டீவன்ஸ், வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ. கலிஃபோர்னியா என்றால் குப்பர்ட்டினோவின் மோன்டா விஸ்டா, ஃப்ரீமான்டின் மிஷன் சான் ஹோசே. சிகாகோ பக்கம் நேப்பர்வில்லின் நியூக்வா வேலி, டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோ. எல்லாமே அரசுப் பள்ளிகள், கட்டணம் கிடையாது. நம் ஊரில் அரசுப் பள்ளி வேண்டாமென்று பணம் கட்டி வேறு பள்ளியில் சேர்ப்பார்கள். இங்கே அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்காகக் கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்குகிறார்கள்.

இந்தப் பெயர்கள் சும்மா வந்தவை அல்ல. ஆனால் ஒரு பள்ளிக்குப் பெயர் வருவதில் பெரும்பங்கு அந்த வட்டாரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதற்கு உண்டு. உங்கள் பிள்ளைக்கு அந்தப் பள்ளி என்ன செய்யும் என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை தேடும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள ஹைஸ்கூலை மனதில் வைத்து எழுதியது. சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு வேறு.

முகவரிதான் அட்மிஷன்

பெரும்பாலான புறநகர் அரசுப் பள்ளிகளில் நுழைவுத் தேர்வு, சிபாரிசு, நன்கொடை எதுவும் இல்லை. எந்த வீட்டில் குடியிருக்கிறீர்களோ அந்த வீட்டுக்கென்று ஒரு பள்ளி ஒதுக்கப்பட்டிருக்கும். விர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் போன்ற, விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டிய மேக்னெட் பள்ளிகள் விதிவிலக்கு.

எனவே வீட்டைப் பிடித்துப்போய் லீஸில் கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி என்று பார்க்க வேண்டும். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். ஊர் எல்லையும் டிஸ்ட்ரிக்ட் எல்லையும் வேறு வேறு. முகவரியில் பிளேனோ என்று இருக்கும், வீடு ஃபிரிஸ்கோ டிஸ்ட்ரிக்டில் இருக்கும். நேப்பர்வில் என்ற ஒரே ஊருக்குள் 203, 204 என்று இரண்டு டிஸ்ட்ரிக்டுகள். குப்பர்ட்டினோ வட்டாரத்துப் பள்ளி என்று எல்லோரும் சேர்த்துச் சொல்லும் லின்புரூக், உண்மையில் சான் ஹோசே ஊரில் இருக்கிறது. கலிஃபோர்னியாவிலும் இல்லினாயிலும் பல இடங்களில் ஆரம்பப் பள்ளிக்கு ஒரு டிஸ்ட்ரிக்ட், ஹைஸ்கூலுக்கு இன்னொன்று என்றும் இருக்கும்.

வீடு தேடும் தளங்களும் வீட்டுக்குக் கீழே பள்ளியின் பெயரைப் போட்டிருக்கும். அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிக்டின் சொந்த இணையதளத்தில் முகவரியைத் தட்டினால் பள்ளியைக் காட்டும் பக்கம் இருக்கும். அதிலும் பார்த்துவிட்டு, டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேகமாக வளரும் புறநகர்களில் புதுப் பள்ளி கட்டும்போதெல்லாம் எல்லையை மாற்றி வரைவார்கள். இந்த வருடம் வாங்கிய வீடு அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போகலாம், அதற்கு யாரும் நஷ்டஈடு தர மாட்டார்கள்.

ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டிடம் "இந்த ஸ்கூல் நல்லதா?" என்று கேட்டால் பெரும்பாலும் நழுவுவார். அது அலட்சியம் இல்லை. 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டு வசதிச் சட்டப்படி, இனம், மதம் போன்றவற்றை வைத்து வீடு வாங்குபவரை ஒரு பகுதிக்குத் தள்ளிவிடுவதோ விலக்குவதோ சட்டவிரோதம். பள்ளியைப் பற்றிய பேச்சு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்ற பயத்தில், "நீங்களே ஆன்லைனில் பாருங்கள்" என்று முடித்துக்கொள்வார்.

ஒரு எச்சரிக்கை. நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். புகழ்பெற்ற டிஸ்ட்ரிக்டுகள் பல, குடியிருப்பை விசாரிக்கவே ஆள் வைத்திருக்கின்றன. 2011-இல் ஒஹாயோவில் ஒரு தாய் தன் அப்பாவின் முகவரியைக் காட்டிப் பிள்ளைகளைப் புறநகர்ப் பள்ளியில் சேர்த்ததற்காகச் சிறைக்கே போனார். விசாவில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டு அறவே வேண்டாம்.

முதல் வருடம் வாடகை வீடே போதும் என்பது என் கருத்து. ஒரே எல்லைக்குள் இருக்கும் இரண்டு அறை அபார்ட்மென்ட்டிலிருந்து வரும் பிள்ளையும் பெரிய பங்களாவிலிருந்து வரும் பிள்ளையும் உட்காருவது ஒரே வகுப்பில்தான்.

ரேட்டிங் எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

எல்லோரும் முதலில் பார்ப்பது கிரேட்ஸ்கூல்ஸ் தரும் எண். ஒன்றிலிருந்து பத்து வரை. வீடு தேடும் தளங்கள் அந்த எண்ணை எடுத்துப் போடுவதால், 1998-இல் தொடங்கிய ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு இன்று வீட்டு விலையோடு பின்னிக்கொண்டுவிட்டது. அந்த எண் மாநிலத்துக்குள் செய்யும் ஒப்பீடு. டெக்சஸில் 8 வாங்கிய பள்ளியையும் மாசசூசெட்ஸில் 8 வாங்கிய பள்ளியையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. நிஷ் என்ற தளம் ஏ பிளஸ், பி என்று கிரேடு போடுகிறது. அதில் மாணவர்களும் பெற்றோரும் எழுதும் கருத்துகளும் கலந்திருக்கும். யு.எஸ். நியூஸ் வெளியிடும் பள்ளித் தரவரிசைப் பட்டியலில் 30 சதவீத எடை, எத்தனை பேர் ஏபி, ஐபி போன்ற கல்லூரி நிலைத் தேர்வுகளை எழுதித் தேறினார்கள் என்பதற்குப் போகிறது.

இவற்றில் தேர்வு மதிப்பெண்ணின் பங்கு பெரிது. தேர்வு மதிப்பெண்ணுக்கும் வீட்டு வருமானத்துக்கும், பெற்றோரின் படிப்புக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு பொறியாளர்கள் இருக்கும் வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளியில் உட்கார்ந்தாலும் கணக்கில் ஓரளவு தேறிவிடும். அப்படிப்பட்ட வீடுகள் ஆயிரம் சேர்ந்த ஊரில் பள்ளிக்கு 10 வருவதில் என்ன ஆச்சரியம்? அந்த 10, பள்ளி கற்றுக்கொடுத்ததால் வந்ததா, சாயங்கால டியூஷனால் வந்ததா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டு விலை மட்டும் எண்ணை நம்பியே ஏறுகிறது. பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக்கோட்டின் இரு பக்கத்து வீடுகளையும் ஒப்பிட்டு 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று, தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் மக்கள் வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் கூடுதலாகத் தரத் தயாராக இருந்தார்கள் என்றது.

அதனால் எண்ணுக்குக் கீழே இறங்குங்கள். 2015-இல் வந்த கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆண்டு அறிக்கை வெளியிட வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் நான் பார்க்கச் சொல்வது மூன்றே இடங்கள்.

ஒன்று, பிரிவு வாரியான மதிப்பெண்கள். வருமானம் குறைந்த வீட்டு மாணவர்கள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், சிறப்புக் கவனிப்பு தேவைப்படுபவர்கள் என்று தனித்தனியே போட்டிருப்பார்கள். வீட்டில் உதவி கிடைக்காத பிள்ளையை இந்தப் பள்ளி எப்படித் தூக்கிவிடுகிறது என்று இங்கேதான் தெரியும். மொத்தத்தில் 9 வாங்கிவிட்டு இந்த வரியில் படுத்துவிடும் பள்ளிகள் உண்டு. மொத்தத்தில் 6 என்று ஒதுக்கப்பட்டு, இந்த வரியில் பக்கத்து ஊரை முந்தும் பள்ளிகளும் உண்டு. எனக்கு இரண்டாவது வகையின் மேல் மரியாதை அதிகம்.

இரண்டு, வருகை. பள்ளி நாட்களில் பத்து சதவீதத்துக்கு மேல் வராமல் போவதைத் தொடர் வருகையின்மை என்று கணக்கிடுவார்கள். நல்ல பெயர் உள்ள பள்ளியில் இது அதிகமாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். மூன்று, ஆசிரியர்களின் அனுபவம். முதல் வருட ஆசிரியர்கள் எத்தனை பேர், அந்தப் பாடத்துக்கான சான்றிதழ் இல்லாமல் நடத்துபவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

பட்டம் பெறும் விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வசதியான புறநகரில் அது 95-க்கு மேல்தான் இருக்கும்.

பள்ளி தானே எழுதிக் கொடுக்கும் தாள்

நம்மில் பலருக்குத் தெரியாத ஓர் ஆவணம் 'ஸ்கூல் புரொஃபைல்'. கல்லூரிகளுக்கு மாணவர்களின் மதிப்பெண்களை அனுப்பும்போது பள்ளியின் கவுன்சிலர் (பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டுபவர்) கூடவே அனுப்பும் சில பக்கங்கள். கவுன்சலிங் துறையின் பக்கத்தில் பெரும்பாலும் பொதுவாகவே போட்டிருப்பார்கள். ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் புள்ளியை எப்படிக் கணக்கிடுகிறார்கள், ரேங்க் போடுகிறார்களா, எத்தனை ஏபி பாடங்கள், தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் எவ்வளவு, போன வருடம் படித்து முடித்தவர்களில் நான்கு வருடக் கல்லூரிக்கு எத்தனை பேர், கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரிக்கு எத்தனை பேர் என்பதெல்லாம் பெரும்பாலும் இதில் இருக்கும். கல்லூரிகள் உங்கள் பிள்ளையை இந்தத் தாளை வைத்துத்தான் எடை போடும். 25 ஏபி பாடங்கள் உள்ள பள்ளியில் 4 எடுத்த மாணவனும், 5 மட்டுமே உள்ள பள்ளியில் 4 எடுத்த மாணவனும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றல்ல.

இதோடு பாடத் திட்டக் கையேட்டையும் திறந்து பாருங்கள். ஏபி பட்டியலைக் கடந்துபோய், நடுத்தர மாணவன் எடுக்கும் சாதாரண வகுப்புகளின் பட்டியலைப் படியுங்கள். ஏபி வகுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாமா, ஆசிரியர் பரிந்துரை வேண்டுமா? கணக்கில் ஒரு பாதையில் விழுந்தால் அடுத்த பாதைக்கு ஏற வழி இருக்கிறதா? ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள்? அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர்கள் சங்கம் பரிந்துரைப்பது 250. நாட்டின் சராசரி அதைவிட நிறையவே அதிகம்.

கேட்கும் கேள்வியை மாற்றுங்கள்

வாட்ஸாப் குழுவில் "இந்த ஸ்கூல் எப்படி?" என்று போட்டால் "சூப்பர்", "வெரி காம்பெடிட்டிவ்", "எங்க பையன் பர்டியூ போனான்" என்று பதில்கள் வரும். நல்ல இடத்துக்குப் போன பிள்ளைகளின் பெற்றோர்தான் பேசுவார்கள். திணறிய பிள்ளையின் அப்பா அந்தக் குழுவில் வாயே திறக்க மாட்டார்.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலோ பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி வாசலிலோ நேரில் பார்க்கும்போது இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அக்கா, உங்க பொண்ணுக்கு ஏதாவது ஒரு பாடம் கஷ்டமாப் போனப்ப ஸ்கூல்ல என்ன பண்ணாங்க?" பதிலாக ஓர் ஆசிரியரின் பெயரும், மதிய வேளையில் நடந்த கூடுதல் வகுப்பும் வந்தால் அது நல்ல பள்ளி. "நாங்க டியூட்டர் வச்சோம்" என்று வந்தால் அதற்கும் ஒரு பொருள் இருக்கிறது. கொஞ்சம் பழகியவர்களின் பிள்ளைகளிடமே கேட்கலாம்: மதியச் சாப்பாட்டை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாய்? புதிதாக வந்தவர்கள் எந்த மேஜைக்குப் போவார்கள்? பதினைந்து வயதில் நாடு மாறி வரும் பிள்ளைக்கு இது ஏபி எண்ணிக்கையைவிடப் பெரிய விஷயம்.

அப்புறம், பள்ளி வாரியக் கூட்டம். பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியம். கூட்டங்கள் பொதுவானவை, பல இடங்களில் காணொளியும் இருக்கும். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் கடைசி ஒரு வருடக் கூட்டக் குறிப்புகளைப் புரட்டுங்கள். எல்லை மாற்றம், பட்ஜெட் வெட்டு, ஆசிரியர் ஆட்குறைப்பு எல்லாம் ரேட்டிங்கில் தெரிவதற்கு வெகு முன்பே அங்கே பேசப்பட்டிருக்கும். நியூ ஜெர்சியில் சராசரி வீட்டு வரி ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு பள்ளிக்கே போகிறது. வரி கட்டுகிறவர் அது எங்கே போகிறது என்று பார்ப்பதில் தப்பில்லை.

பெரிய பெயரின் இன்னொரு பக்கம்

2015-இல் வெஸ்ட் விண்ட்சர்-பிளெயின்ஸ்பரோ டிஸ்ட்ரிக்டின் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலை மாணவர்கள் 120 பேரை மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்றார். ஹைஸ்கூலில் இடைத்தேர்வும் இறுதித் தேர்வும் நீக்கப்பட்டன, வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். தரத்தைக் குறைக்கிறார்கள் என்று எதிர்த்தவர்களில் ஆசியப் பெற்றோர் அதிகம். நம் ஆட்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான செய்தி, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டியது.

போட்டி அதிகமான பள்ளிக்கு இன்னொரு விலையும் உண்டு, அது வெறும் கணக்கு. டெக்சஸில் 1997-இல் வந்த சட்டப்படி, வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள முதன்மைப் பல்கலைக்கழகம் மட்டும் அந்த அளவை 6 சதவீதமாக வைத்திருந்து, 2026 சேர்க்கைக்கு 5 சதவீதமாக்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் 500 பேர் இருந்தால் 25 பேர். புகழ்பெற்ற புறநகர்ப் பள்ளியில் 60-ஆவது ரேங்க் எடுக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அந்தத் தானியங்கி இடம் இல்லை. அதே பிள்ளை சற்றே சாதாரணமான பள்ளியில் முதல் பத்துப் பேருக்குள் வந்திருக்கலாம். கலிஃபோர்னியாவிலும் பள்ளிக்குள் முதல் 9 சதவீதம் என்றொரு வழி இருக்கிறது.

இதைச் சொன்னதும் சிலர் உடனே கீழ் ரேங்க் பள்ளியைத் தேடிக் கிளம்புவார்கள். அதுவும் வேண்டாம். நல்ல கூட்டத்தில் இருந்தால் தானாக எழுந்து ஓடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே கூட்டத்தில் சுருண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருப்பது எது என்று ரேட்டிங் தளத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

சேர்க்கும் நாளுக்கு முன்

ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவர வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, குறைந்தது எட்டாம் வகுப்பு முதல் உள்ள மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ். இங்கே வந்த பின் லீஸும் மின்சார பில்லும் சேரும். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 1982-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து எச்-4, எல்-2 விசாவில் வரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஊரிலிருந்து அக்கா மகனை அழைத்துவந்து எஃப்-1 மாணவர் விசாவில் படிக்க வைக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: அந்த விசாவில் அரசு ஹைஸ்கூலில் அதிகபட்சம் 12 மாதம்தான், அதுவும் முழுச் செலவையும் கட்டி.

தடுப்பூசியில்தான் நம் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். அரசு முகாமில் போட்டது தட்டம்மை-ரூபெல்லா ஊசி; இங்கே கேட்பது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையில் இல்லை, இங்கே கட்டாயம். கிளம்பும் முன் ஊரிலேயே போட்டுக்கொண்டால் செலவு மிச்சம். காசநோய்ப் பரிசோதனை கேட்கும் இடங்களில், பிசிஜி போட்ட பிள்ளைக்குத் தோல் சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பெயர் விஷயம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் பிள்ளையின் பெயர் குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வரும். பள்ளியிலும் அப்படியே பதிந்து, ஆசிரியர் வகுப்பில் "ஃபுனு" என்று கூப்பிட்ட கதைகள் நிறைய. அதிகாரப்பூர்வப் பதிவு பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகட்டும். அழைக்கும் பெயருக்கென்று படிவத்தில் தனி இடம் இருக்கும், அதை நிரப்புங்கள். முடிந்தால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிடுவது உத்தமம்.

வீட்டில் பேசும் மொழி என்ன என்றும் கேட்பார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதற்குப் பயந்து பொய் எழுத வேண்டாம். ஆங்கில வழியில் படித்தவர்கள் பலர் அதிலேயே தேறிவிடுவார்கள். தேறாவிட்டால் கிடைப்பது கூடுதல் உதவி. அது வேண்டாம் என்று மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு, ஆனால் தேறும்வரை ஆண்டுத் தேர்வு தொடரும்.

கவுன்சிலரோடு முதல் சந்திப்பு

எல்லாவற்றிலும் முக்கியமான அரை மணி நேரம் இது. நம் கணக்குப் பாடத்தில் இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் எல்லாம் ஒரே புத்தகத்தில் கலந்து வரும். இங்கே அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, ப்ரீ-கால்குலஸ் என்று வருடத்துக்கு ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் வெறுமனே 'கணிதம்' என்று இருக்கும். அதைப் பார்த்துக் குழம்பும் கவுன்சிலர் பாதுகாப்பாக அல்ஜீப்ரா 1-இல் போட்டுவிடுவார். அங்கே தொடங்கினால் பன்னிரண்டு முடிவதற்குள் கால்குலஸுக்குப் போய்ச் சேர முடியாது. எனவே பழைய பாடப் புத்தகத்தின் பொருளடக்கத்தை ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டு போங்கள். நிலையறியும் தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பிறமொழிப் பாடத்துக்குத் தமிழ் கிரெடிட் ஆகுமா என்றும் கேட்டுவிடுங்கள், சில டிஸ்ட்ரிக்டுகளில் வழி உண்டு. பத்து, பதினொன்றில் வந்து சேர்பவர்கள் அமெரிக்க வரலாறு போன்ற கட்டாயப் பாடங்களையும் மாநிலத் தேர்வுகளையும் எப்போது முடிப்பது என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வகுப்பு தொடங்கிய பிறகு பாடத்தை மாற்றிக்கொள்ளச் சில நாட்களோ ஓரிரு வாரமோ அவகாசம் தருவார்கள். அந்தக் கடைசித் தேதியை அன்றே கேட்டுக் குறித்துக்கொண்டு, முதல் வார வெள்ளிக்கிழமை பிள்ளையிடம் ஒவ்வொரு பாடமாகக் கேளுங்கள். கணக்கு ரொம்ப ஈஸியாக இருக்கிறது என்று சொன்னால் திங்கட்கிழமை காலையே கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போய்விட வேண்டும்.